பெரிய வெள்ளிக்கு வளர்த்த நகம்

வலது கையில் நகம் வளர்த்து, இடது கையில் சதையோடு ஒட்ட வெட்டிக்கொண்டு புளி தட்டும் வேலைக்குப் போனவன் தர்மபுரி மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு யாருக்கும் அந்தப் புத்தி வந்திருக்க நியாயமில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னை விட்டது, அடுத்த வருஷம் வீட்டை நான் விட்டேன். பெங்களூரில் ஓட்டலில் மாவாட்டினேன். போர் போடும் ரிக் வண்டியில் பைப்பு தூக்கினேன். ஒரு டிசம்பரில் சேலம் போகும் ரயிலில் டிக்கெட் இல்லாமல் வந்த என்னைப் பரிசோதகர் மொரப்பூரில் இறக்கிவிட்டார். இறக்கிவிட்ட இடத்தில் பிழைப்பு தேடுவது என் பழக்கம். யோசித்து ஊரைத் தேர்ந்தெடுத்தவர்கள் என்னைவிடப் பெரிதாக வாழ்ந்துவிட்டதாக நான் பார்க்கவில்லை.

கடத்தூர்ப் பக்கம் ஒரு ஊரில் கிறிஸ்துமஸுக்காகக் கோவிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் தேடினார்கள். பாதி ஊர் கத்தோலிக்கர்கள். மீதிப் பாதி எங்கள் வீட்டைப் போல மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். சுண்ணாம்பு அடிக்கிறவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று யாரும் கேட்கவில்லை. ஏணி மேல் நின்றபோதுதான் கிட்டார் சத்தத்தைக் கேட்டேன்.

சாமியாருக்குப் படிக்கிறவர்களைப் படிப்பின் நடுவே ஒரு வருஷம் ஊர்க் கோவில்களுக்கு அனுப்பி வைப்பார்கள். பிரதர் என்று கூப்பிடுவார்கள். அப்படி வந்திருந்த நாகர்கோவில்காரர் ஒருவர், என் வயதுதான் இருக்கும், கோவில் படியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். கல்யாணங்களில் பாட்டுக் கச்சேரிக்காரர்கள் கையில் ஒரு சின்னத் தகடு வைத்துக்கொண்டு கம்பிகளை மொத்தமாகச் சுரண்டுவதைப் பார்த்திருக்கிறேன். இவர் கையில் தகடு இல்லை. ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு கம்பியைத் தனித்தனியாகக் கிள்ளியது. ஒரே ஆள் வாசிக்க, இரண்டு ஆள் வாசிப்பது போல இருந்தது. சுண்ணாம்பு மட்டையிலிருந்து என் கண்ணில் சொட்டியது. கண்ணைக் கழுவிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மேல இருக்குத மூணு தடிக் கம்பியும் கட்டைவிரலுக்கு, கேட்டியா. கீழ உள்ள மூணும் ஆளுக்கொண்ணு. ஒருத்தன் கம்பிய இன்னொருத்தன் தொடப்பிடாது" என்றார்.

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பிகள் நிலம் பிரித்ததும் இதே முறையில்தான். அங்கே யாரும் அவரவர் வரப்போடு நிற்கவில்லை. என் விரல்களும் நிற்கவில்லை. ஆள்காட்டி விரல் நடுவிரலின் கம்பியில் புகுந்தது. மோதிர விரல், வேலைக்கு வராமல் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிற தம்பி போல மடங்கியே கிடந்தது. கட்டைவிரல் செக்குமாடு மாதிரி தன் பாட்டுக்குச் சுற்றிவர வேண்டும் என்றார் பிரதர். என்னுடைய மாடு மற்ற விரல்கள் நின்றால் தானும் நின்றது.

"நகம் வளத்து. சதையில மீட்டினா சத்தம் எட்டாது" என்று கடைசியாக ஒன்று சொன்னார். பொங்கல் கழிந்ததும் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கிட்டார் கோவில் சொத்து என்பதால் கோவிலிலேயே நின்றது.

சுண்ணாம்பு வேலை முடிந்து நான் அதே ஊரில் புளிக் களத்தில் சேர்ந்திருந்தேன். முதலாளி சுற்று வட்டார மரங்களையெல்லாம் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, ஓடு உடைத்து, நாரும் கொட்டையும் எடுத்து மண்டிக்கு அனுப்புகிறவர். பகலில் மூட்டை தூக்கி, மிச்ச நேரம் பெண்களோடு உட்கார்ந்து கொட்டை எடுப்பது என் வேலை. படுக்கை புளி மூட்டை மேலே. எலி உண்டு, வாடகை இல்லை.

கிட்டார் இருந்த அலமாரியின் சாவி வாத்தியாரிடம் இருந்தது. ஆரம்பப் பள்ளி வாத்தியார். கோவிலில் ஆர்மோனியம் வாசித்துப் பாட்டுக் குழுவை நடத்தியவரும் அவரே. கோவிலில் ஒரு சத்தம் எழுவதென்றால் அது அவர் துருத்தியிலிருந்து எழ வேண்டும் என்பது அவர் கொள்கை. நான் போய்க் கேட்டதும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஞானஸ்நானம் வாங்கனவனா நீ?"

"இல்லீங்க."

"பாட்டுப் படிக்கத் தெரியுமா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்ன மயித்துக்குடா உனக்குக் கிட்டாரு?"

நேரே பங்குச் சாமியாரிடம் போனேன். வாத்தியாரும் பின்னாலேயே வந்தார். சாமியார் கிளைக் கோவில்களுக்குப் போவதற்காக மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். உதைக்கு நடுவில் சொன்னார்: "பிரதர் உன்னப் பத்திச் சொன்னாரு. வாத்தியாரே, பையன் எடுத்துப் பழகட்டும். ஈஸ்டர் வரைக்கும் பாக்கலாம். கோவிலுக்கு உதவறான்னா கையில இருக்கட்டும். இல்லன்னா மறுபடி அலமாரியில வெச்சுப் பூட்டுங்க." வண்டி கிளம்பிவிட்டது.

ஆக, எனக்கு ஈஸ்டர் வரை தவணை. கிட்டார் கையில் இருக்குமா, அலமாரிக்குப் போகுமா என்பதுதான் கேள்வி. என் வாழ்க்கையில் அதுவரை எதையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. நினைக்கும்படியாக எதுவும் கைக்கு வந்ததும் இல்லை.

வாத்தியார் ஒரு வாரம் யோசித்தார். பிறகு பாட்டுக் குழு முழுவதும் இருக்கும்போது கூப்பிட்டுச் சொன்னார். குரலில் தேன் ஒழுகியது.

"பெரிய வெள்ளிக்கிழமை நீ வாசி. சோகமான நாளு, உன் கிள்ளு வாசிப்பு அதுக்குத்தான் பொருத்தம். அன்னைக்கு என் ஆர்மோனியம் வாயே தொறக்காது. டோலக்கும் இல்ல. நீ ஒருத்தன் மட்டுந்தான்."

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்காகச் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்துக் கைகூப்பினேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

நகம் வளர்க்க ஆரம்பித்தேன். புளிக் களத்தில் நகம் வளர்ப்பது, எருமைத் தொழுவத்தில் வெள்ளை வேட்டி துவைத்துக் காயப்போடுவது மாதிரி. கொட்டையை நெம்பினால் நகம் போய்விடும். அதனால் சைக்கிள் ட்யூபை வெட்டி வலது கை விரல்களுக்கு உறை மாட்டிக்கொண்டேன். இடது கைக்கு உறை போட முடியாது. கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனி வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் புளி இறங்கும். தேள் கொட்டியது போல என்று சொல்வார்கள். என்னைத் தேளும் கொட்டியிருக்கிறது. தேள் ஒரு நாளோடு விட்டுவிடும்.

களத்தில் பெண்களுக்கு மூத்தவளாக ஓர் அக்கா இருந்தாள். கத்தோலிக்கக்காரி. கையில் புளி தட்டும் கட்டை, வாயில் அதைவிடப் பெரிய கட்டை.

"என்னா தம்பி, வெரலுக்கெல்லாம் சட்ட தெச்சுப் போட்டிருக்கற? குளுருதா?"

"நகம் ஒடையக் கூடாதுக்கா."

"ஏன், பொண்ணு பாக்க வராங்களா உன்ன?"

மருதாணி வைத்தால் நகம் கெட்டிப்படும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்தேன். மறுநாள் சிவந்த விரல்களோடு போய் உட்கார்ந்தேன். அக்கா கட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏண்டி, வளையலு யாராவது எடுத்தாந்தீங்களா? தம்பிக்கு ஏழாம் மாசமாட்டங்கீது!"

அன்றைக்குக் களத்தில் பாதி வேலைதான் நடந்தது. சிரிப்பால் கெட்ட வேலைக்கும் முதலாளி என்னைத்தான் முறைத்தார். அவருக்கு ஏற்கெனவே என் மேல் சந்தேகம். மூட்டைக்காகக் காத்து நிற்கும்போது தொடை மேல் விரல்களை ஓட்டிக்கொண்டே இருப்பேன். கட்டை, ஆள்காட்டி, நடு, மோதிரம், மறுபடி நடு, ஆள்காட்டி.

"கை நடுங்குது பாரு" என்றார். "காத்தாலயே குடிக்கறயா?"

"இல்லீங்க, பழகறங்க."

"இந்த வயசுலயே பழகிட்டயா?"

குடிக்கிறவன் என்றே முடிவு செய்தார். அதற்குப் பிறகு என்னிடம் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொண்டார். அவரும் குடிக்கிறவர்.

சாயங்காலம் கோவிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் சாதகம். இடது கையால் கம்பிகளை அழுத்துகிற பிடிகளில் மூன்றுதான் தெரியும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இடது கை மாறுவதற்குள் வலது கை ஒரு சுற்று முடித்துவிடும். அதுவரை தப்பான சத்தம் வரும். அந்தத் தப்பான சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். நாய் எழாமல் படுத்திருந்த அன்று எனக்குப் பாட்டு வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். செக்குமாடு தனியாகச் சுற்றியது. மற்ற மூன்று விரல்களும் அதன் மேல் ஏறி உட்கார்ந்து போயின. இரண்டு ஆள் வாசிப்பது போல இல்லாவிட்டாலும், ஒன்றேகால் ஆள் வாசிப்பது போல இருந்தது.

கத்தோலிக்கர்களுக்கு அது தவக்காலம். ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் கறி கிடையாது, கல்யாணம் கிடையாது. அக்கா மட்டும் வாய் நோன்பு இருக்கவில்லை.

"வெள்ளிக்கெழம கோயில்ல வாசிக்கப் போறயாமே?"

"ஆமாக்கா."

"வாசி, வாசி. நான் முன்னாடியே எடம் புடிச்சு ஒக்காந்துக்கறன்."

அந்த ஊரில் ஒருவர் என் வாசிப்பைக் கேட்க இடம் பிடிப்பதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. மனசு குளிர்ந்துவிட்டது.

பெரிய வெள்ளி வந்தது. கிணற்றில் குளித்தேன். லாரி டிரைவர் ஒருவரிடம் வெள்ளைச் சட்டை இரவல் வாங்கினேன். நகங்களைத் தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தில் தேய்த்து வழவழப்பாக்கினேன். மூன்று மணிக்கு வழிபாடு. வெயிலுக்குப் பயந்து முன்னாலேயே போய், சுண்ணாம்பு அடித்த காலத்தில் பழகிய பக்கத்துக் கதவு வழியாக நுழைந்து தூணோரம் உட்கார்ந்தேன். வாசலில் வைத்துக் கூட்டத்தின் நடுவே சிரித்து அனுப்புவதற்காக வாத்தியார் எனக்காகக் காத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. பக்கத்துக் கதவை அவர் நினைக்கவில்லை.

கோவில் நிறைந்தது. பீடத்தில் துணி இல்லை, பூ இல்லை. சிலைகளையெல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். ஆர்மோனியத்துக்கும் ஒரு துணி. மணி அடிக்கவில்லை. மரக்கட்டையைக் கடகடவென்று தட்டினார்கள். மணி ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்தேன். வாத்தியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், ஆர்மோனியம் வாய் திறக்கவில்லை என்றும் நினைத்தேன்.

சாமியார் சிவப்பு உடையில் மெதுவாக நடந்து வந்தார். பீடத்துக்கு முன்னால் போய்த் தரையில் குப்புற விழுந்து அப்படியே படுத்துவிட்டார். ஜனங்கள் எல்லாரும் முழந்தாள் போட்டார்கள். ஒருவர் இருமவில்லை. அவ்வளவு பெரிய அமைதியை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எல்லாரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

வாசித்தேன்.

சுத்தமாக வந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கட்டைவிரல் தடிக் கம்பியில் நடந்தது, நகம் பட்ட கம்பிகள் வெள்ளிக் காசு போலச் சுண்டின, உயரமான கூரை ஒவ்வொரு சத்தத்தையும் வாங்கித் திருப்பிக் கொடுத்தது. முதல் பிடியிலிருந்து இரண்டாவதற்குத் தடங்கலில்லாமல் போனேன். தலையை நிமிர்த்தினால் கோவில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கிறது. வாசலிலிருந்து வாத்தியார், செருப்பில்லாத காலைச் சுட்ட தரையில் வைத்தவர் போலத் துள்ளித் துள்ளி வருகிறார். அவருக்கு முன்னால் கோவில்பிள்ளை வந்துவிட்டார். மணி அடிக்கிறவர், பெரிய கை. ஒரு வார்த்தை பேசாமல் உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்து அழுத்தினார். மூன்றாவது பிடி அந்தக் கைக்கு அடியில் நசுங்கிச் செத்தது.

சாமியார் எழுந்திருக்கவில்லை. முகம் தரையிலேயே இருந்தது. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறார் என்று பக்தியுள்ளவர்கள் சொன்னார்கள்.

வெளியே மரத்தடியில் வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னார்கள். பெரிய வியாழன் பூசையிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கோவிலில் மணியும் இல்லை, வாத்தியமும் இல்லை. நூற்றுக்கணக்கான வருஷத்து வழக்கம். ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்குக் கூடத் தெரியும். மாரியம்மன்காரனுக்கு மட்டும் தெரியாது.

"நான் என்னடா பொய் சொன்னன்?" என்றார் வாத்தியார், கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டே. "ஆர்மோனியம் வாய் தொறக்காதுன்னன். தொறந்துச்சா?"

அலமாரி பூட்டும் சத்தம் கேட்டது. அன்றைக்குக் கோவிலில் அனுமதிக்கப்பட்ட ஒரே உலோகச் சத்தம் அதுதான் போல.

அக்கா படியிறங்கி வந்தாள். கண்ணெல்லாம் நீர். சிரித்த நீர்.

"தெரிஞ்சும் சொல்லலயேக்கா."

"சொல்லலாம்னுதான் இருந்தன் தம்பி. நாப்பது நாளு கறி திங்காம கெடக்கறவளுக்கு ஒரு சிரிப்பாவது வேணாமா?" கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள். "ஆனா நல்லாத்தான் இருந்துச்சு போ. அந்தக் கட்டையன் கைய வெச்சு அமுக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் கேட்டிருப்பன்."

களத்துக்குப் போய், நார் அரியும் கத்தியால் நான்கு நகங்களையும் சதை தெரிய வெட்டி எறிந்தேன். ட்யூப் உறைகளை அடுப்பில் போட்டேன். ரப்பர் நாற்றம் தாங்காமல் வெளியே போய்ப் படுத்தேன். சனிக்கிழமை உறையில்லாமல் வேலை செய்ததில் கொட்டை மளமளவென்று வந்தது. குடியை விட்டுவிட்டாயா என்று முதலாளி முதுகில் தட்டினார்.

ஞாயிறு காலை மோட்டார் சைக்கிள் களத்து வாசலில் வந்து நின்றது.

"எங்கப்பா அந்த வெள்ளிக்கிழமைக் கச்சேரி?" என்றார் சாமியார். வண்டியை விட்டு இறங்கவில்லை. "தரையில மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டு சிரிப்ப அடக்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியுமா? பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்புக் கேக்க வேண்டியதாப் போச்சு. நல்லாத்தான் வாசிச்ச. நாளுதான் தப்பு. இன்னைக்கு ஈஸ்டர், எல்லா வாத்தியமும் உண்டு. கிளம்பு. இன்னைக்கு எப்படின்னு பாத்துட்டுக் கிட்டாரு விஷயத்த முடிச்சுடலாம்."

கையைப் பார்த்தேன். நகம் களத்துக் குப்பையில் கிடந்தது. இரண்டு மாதமாக வளர்த்ததை இரண்டு நாள் முன்னால் வெட்டியவன் எதைச் சொல்ல முடியும்? ஏறி உட்கார்ந்தேன்.

அன்றைய பூசையை நான் மறக்கவில்லை. அடக்கிவைத்த மணியெல்லாம் அடித்தது. டோலக்கும் ஜால்ராவும் ஒன்றையொன்று துரத்தின. வாத்தியார் ஆர்மோனியத் துருத்தியைப் பிய்த்துவிடுகிறவர் போல அமுக்கினார். ஜனங்கள் நாற்பது நாள் பாக்கியை ஒரே மூச்சில் பாடித் தீர்த்தார்கள். நடுவில் உட்கார்ந்து வெறும் சதையால் நான் மீட்டினேன். எனக்கே கேட்கவில்லை. சரியான கம்பியில் விரல் படுகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஓரிடத்தில் பிடி மாற மறந்து ஒரு பாட்டு முழுக்க ஒரே பிடியில் போனேன். ஊர் மொத்தத்தில் ஒருவர் முகம் சுளிக்கவில்லை.

பூசை முடிந்ததும் சாமியார் கேட்டார்: "எப்படி வாத்தியாரே, பையன்?"

வாத்தியார் யோசித்தார். குறை சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. கேட்டிருந்தால்தானே சொல்வார்?

"ஒரு தொந்தரவும் இல்லீங்க சாமி. அடக்கமா வாசிக்கறான்."

"அப்ப கையில இருக்கட்டும்."

ஜனங்கள் வந்து கை கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமையைவிட இன்றைக்கு எவ்வளவோ தேவலை என்றார் ஒரு பெரியவர். பாட்டுக் குழுவில் எனக்கு நிரந்தர இடம் கிடைத்தது. ஆர்மோனியத்துக்கும் டோலக்குக்கும் நடுவில், யார் சத்தமும் தாண்டி வர முடியாத இடம்.

திங்கட்கிழமை அக்கா களத்தில் கட்டையை ஓங்கியபடி கேட்டாள்: "கிட்டார குடுத்துட்டாங்களாமே? மறுபடி நகம் வளக்கறயா?"

"இல்லக்கா."

"ஏன்?"

"வளந்தா கேக்கும். கேட்டா வாத்தியாரு புடுங்கிடுவாரு."

கட்டை இறங்கவில்லை. "பொழச்சுக்குவ" என்றாள்.

அந்த ஊரில் இருந்த வரைக்கும் சனிக்கிழமை தவறாமல் நகம் வெட்டிக்கொண்டேன். ஞாயிறு தவறாமல் வாசித்தேன். ஒரு புகாரும் வரவில்லை.